சி டிரைவ் மட்டும் போதுமா, பிரிக்கணுமா? பார்டிஷன் உள்ள என்ன நடக்குதுன்னு கொஞ்சம் விரிவா

புது லேப்டாப்ப ஆன் பண்ணி உள்ள போய் பாத்தா பெரும்பாலும் சி டிரைவ் ஒண்ணு மட்டும் தான் இருக்கும். பெட்டி மேல 512 ஜிபின்னு போட்டிருப்பாங்க, விண்டோஸ் 476 ஜிபின்னு காட்டும் (ஏமாத்து வேலை ஒண்ணும் கெடையாது, கம்பெனிக்காரங்க 100 கோடி பைட்ட ஒரு ஜிபின்னு கணக்கு பண்றாங்க, விண்டோஸ் 1024ஆல மூணு தடவ வகுக்குது, அவ்ளோ தான்). அடுத்து உடனே வர்ற கேள்வி, இத ரெண்டா மூணா பிரிக்கணுமா, இப்படியே விட்டுடலாமா. ரொம்ப வருஷமா கம்ப்யூட்டர் யூஸ் பண்றவங்க கிட்ட கேட்டா "மொதல்ல பார்டிஷன் போடு, எல்லாத்தையும் சி டிரைவ்ல வெச்சுக்காத"ன்னு சொல்லுவாங்க. புதுசா வந்தவங்க கிட்ட கேட்டா "எஸ்எஸ்டிக்கு எதுக்கு பார்டிஷன், அதெல்லாம் பழைய காலம்"னு சொல்லுவாங்க. ரெண்டு பேர் சொல்றதுலயும் பாதி சரி இருக்கு, ஆனா ரெண்டு பேருமே காரணம் சொல்ல மாட்டாங்க. அதனால கேட்டவங்க ஏதோ ஒரு குத்துமதிப்புல 100 ஜிபி சி டிரைவுக்கு குடுத்துட்டு மிச்சத்த டி டிரைவ்னு போட்டுடறாங்க, அப்புறம் ஒண்ணு ரெண்டு வருஷத்துல சி டிரைவ் செவப்பாயிடுது, டி டிரைவ்ல 300 ஜிபி சும்மா கெடக்கு.

என் கருத்த மொதல்லயே சொல்லிடறேன். சிஸ்டத்தையும் நம்ம ஃபைல்களையும் தனித்தனியா வெக்கணும்ங்கற எண்ணம் ரொம்ப நல்ல எண்ணம். ஆனா பார்டிஷன் அந்த வேலைய ரொம்ப கறாரா செய்யுது, ஒரு தடவ அளவு போட்டுட்டா அப்புறம் மாத்தறது கஷ்டம். அந்த கறார்தனம் நமக்கு எங்க உதவுது, எங்க நம்மளயே கடிக்குதுன்னு தெரிஞ்சா பிரிக்கறதா வேணாமாங்கறது தானா முடிவாயிடும்.

மொதல்ல பார்டிஷன் போடறப்ப டிஸ்க்ல என்ன தான் மாறுதுன்னு பாப்போம். டிஸ்க்க யாரும் வெட்டறதில்ல, உள்ள இருக்கற சிப்புக்கோ தட்டுக்கோ ஒண்ணுமே ஆகறதில்ல. டிஸ்க்கோட ஆரம்பத்துல ஒரு சின்ன அட்டவணை இருக்கு, அதுல "இந்த எடத்துல ஆரம்பிச்சு இவ்ளோ தூரம் வரைக்கும் ஒரு பகுதி"ன்னு ஒரு வரி எழுதறாங்க, அது தான் பார்டிஷன். ஒரு புத்தகத்தோட பொருளடக்கத்துல அத்தியாயம் எந்த பக்கத்துல ஆரம்பிக்குதுன்னு போட்டிருக்கற மாதிரி. பழைய முறையான எம்பிஆர்ல அந்த அட்டவணை எவ்ளோ சின்னதுன்னு பாத்தா ஆச்சரியமா இருக்கும். டிஸ்க்கோட மொத செக்டார் (டிஸ்க்ல எடத்த எண்ணறதுக்கான சின்ன துண்டு), மொத்தமே 512 பைட். அதுல மொத 446 பைட் கம்ப்யூட்டர பூட் பண்ற குட்டி புரோகிராமுக்கு, கடைசி 2 பைட் இது சரியான செக்டார் தான்னு காட்டற அடையாளம். நடுவுல மிச்சம் 64 பைட். ஒரு பார்டிஷனுக்கு 16 பைட்னு வெச்சா நாலு பார்டிஷன், அவ்ளோ தான் எடம்.

அந்த 16 பைட்டுக்குள்ளயும் எல்லாம் இருக்கு: மொத பைட் இதுல இருந்து பூட் பண்ணலாமான்னு சொல்லும் (80ன்னு இருந்தா பண்ணலாம்), அடுத்த 3 பைட் ஆரம்ப எடத்த பழைய சிலிண்டர், ஹெட், செக்டார் கணக்குல சொல்லும், அப்புறம் ஒரு பைட் இது என்ன வகைன்னு (07ன்னா விண்டோஸோட என்டிஎஃப்எஸ் மாதிரி, 83ன்னா லினக்ஸ்), அடுத்த 3 பைட் முடியற எடம், அதுக்கப்புறம் 4 பைட் எத்தனாவது செக்டார்ல ஆரம்பிக்குதுங்கறது, கடைசி 4 பைட் மொத்தம் எத்தன செக்டார்ங்கறது. உங்க மொத்த டி டிரைவும், அதுல இருக்கற போட்டோ எல்லாமும், சிஸ்டத்துக்கு இந்த 16 பைட் வழியா தான் தெரியுது. பார்டிஷன டெலீட் பண்ணா ஒரே செகண்ட்ல எல்லாம் காணாம போறதுக்கும், பல சமயம் அத திரும்ப கொண்டுவர முடியறதுக்கும் இது தான் காரணம், அத கடைசில சொல்றேன்.

இந்த முறை 1983ல ஐபிஎம் பிசி எக்ஸ்டியோடவும் டாஸ் 2.0வோடவும் வந்தது. அப்ப அந்த மெஷின்ல இருந்த ஹார்ட் டிஸ்க் 10 எம்பி. அந்த அளவுக்கு நாலு பார்டிஷனே ஜாஸ்தி. பின்னாடி பத்தலன்னு ஆனதும் எக்ஸ்டெண்டட் பார்டிஷன்னு ஒண்ண கொண்டு வந்து அதுக்குள்ள லாஜிக்கல் டிரைவ்னு எத்தன வேணா போட்டுக்கலாம்னு ஒட்டு போட்டாங்க. ஆனா இன்னொரு எல்லைய ஒட்டு போட முடியல. செக்டார் எண்ணுக்கு 4 பைட் தான்னு மேல பாத்தோம்ல, 4 பைட்ல எழுத முடிஞ்ச பெரிய எண் சுமார் 429 கோடி, ஒரு செக்டார் 512 பைட்னா மொத்தம் கிட்டத்தட்ட 2.2 டிபி. எம்பிஆர் போட்ட 3 டிபி டிஸ்க்ல கடைசி 800 ஜிபிய தொடவே முடியாம போறது இதனால தான். அதனால இப்ப ஜிபிடின்னு வேற முறை. பழைய பயாஸுக்கு பதிலா வந்த யூஇஎஃப்ஐ கூட வந்தது, சாதாரணமா 128 பார்டிஷனுக்கு எடம் வெக்குது, செக்டார் எண்ணுக்கு 8 பைட், முக்கியமா அதே அட்டவணையோட இன்னொரு காப்பி டிஸ்க்கோட கடைசில இருக்கும், அட்டவணை கெட்டிருக்கான்னு கண்டுபிடிக்க செக்சம்மும் இருக்கு. இப்ப வர்ற லேப்டாப் எல்லாம் ஜிபிடி தான், பழைய மெஷின மாத்தணும்னா விண்டோஸ் 10லயே எம்பிஆர்2ஜிபிடின்னு ஒரு டூல் இருக்கு, டேட்டா போகாம மாத்தும், அதுக்குன்னு பேக்கப் எடுக்காம ஆரம்பிக்காதீங்க.

சரி, அப்ப சி, டி, இ, எஃப்னு நாலஞ்சா பிரிக்கற பழக்கம் எங்கருந்து வந்தது? யாரோ சும்மா கெளப்பி விட்டது இல்ல, அன்னைக்கு உண்மையான காரணம் இருந்தது. ஃபேட்16ங்கற பழைய ஃபைல் சிஸ்டம் (எந்த ஃபைல் எங்க இருக்குன்னு கணக்கு வெச்சுக்கற முறை) இருந்த காலத்துல டாஸ், விண்டோஸ் 95 எல்லாம் ஒரு பார்டிஷனுக்கு 2 ஜிபிக்கு மேல ஏத்துக்காது, அதுக்கும் முன்னாடி 32 எம்பி தான் எல்லை. அதாவது 4 ஜிபி டிஸ்க் வாங்கினா ரெண்டா பிரிச்சே ஆகணும், வேற வழியே கெடையாது. இன்னொண்ணு கிளஸ்டர். ஃபைல் சிஸ்டம் எடத்த கிளஸ்டர் கிளஸ்டரா தான் ஒதுக்கும், 1 ஜிபில இருந்து 2 ஜிபி வரைக்கும் உள்ள ஃபேட்16 பார்டிஷன்ல ஒரு கிளஸ்டர் 32 கேபி, நீங்க 1 கேபி லெட்டர் ஒண்ணு சேவ் பண்ணாலும் 32 கேபி போயிடும். சராசரியா ஒரு ஃபைலுக்கு அரை கிளஸ்டர் வீண்னு வெச்சா 10,000 ஃபைலுக்கு 160 எம்பி காத்துல போச்சு, ஒண்ணு ரெண்டு ஜிபி டிஸ்க்ல அது ரொம்ப பெரிய எடம். அதே டிஸ்க்க 512 எம்பி துண்டா பிரிச்சா கிளஸ்டர் 8 கேபியா கொறஞ்சிடும். அதனால தெரிஞ்சவங்க பிரிச்சாங்க. 1996ல விண்டோஸ் 95ஓட ரெண்டாவது ரிலீஸ்ல ஃபேட்32 வந்து, அப்புறம் 2001ல எக்ஸ்பியோட என்டிஎஃப்எஸ் வீடு வீடா வந்ததும் இந்த ரெண்டு காரணமும் போயிடுச்சு, பழக்கம் மட்டும் நின்னுடுச்சு.

இன்னொரு காரணம் வேகம், அதுவும் அப்ப நெஜம். சுத்தற ஹார்ட் டிஸ்க்ல தட்டோட வெளி ஓரம் ஒரு சுத்துல அதிக டேட்டாவ படிக்கும், உள் ஓரத்துக்கு போகப்போக வேகம் கிட்டத்தட்ட பாதி ஆயிடும். டிஸ்க்கோட ஆரம்பம் வெளி ஓரத்துல இருக்கறதால சி டிரைவ மொத பார்டிஷனா சின்னதா போட்டா விண்டோஸ் எப்பவும் வேகமான பகுதில இருக்கும், ஹெட்டும் ரொம்ப தூரம் அங்க இங்க ஓட வேணாம். எஸ்எஸ்டில இது எதுவுமே கெடையாது. அங்க ஹெட்டும் இல்ல ஓரமும் இல்ல, நீங்க "சி டிரைவ்ல எழுது"ன்னு சொன்னா உள்ள இருக்கற கன்ட்ரோலர் தேஞ்சு போகாம இருக்கறதுக்காக மொத்த சிப்புலயும் எங்க தோதோ அங்க எழுதும், அதுக்கு உங்க பார்டிஷன் எல்லையப் பத்தி கவலையே இல்ல. அதனால "விண்டோஸ் எப்பவும் எழுதிட்டே இருக்கும், சி டிரைவ் இருக்கற பகுதி மட்டும் சீக்கிரம் தேஞ்சுடும்"னு யாராவது சொன்னா நம்பாதீங்க, எஸ்எஸ்டில சி டிரைவ் இருக்கற பகுதின்னு நிரந்தரமா ஒரு எடமே இல்ல.

இப்ப மிச்சம் இருக்கற காரணங்கள பாப்போம், இதுல தான் விஷயம் இருக்கு. பிரிச்சு வெச்சா கெடைக்கற பெரிய லாபம், விண்டோஸ் கெட்டுப்போனா சி டிரைவ மட்டும் ஃபார்மேட் பண்ணிட்டு புதுசா போட்டுக்கலாம், டி டிரைவ் அப்படியே இருக்கும். இது உண்மை தான், ஆனா இதுல நெறைய பேர் மாட்டிக்கற எடம் ஒண்ணு இருக்கு. டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ், டவுன்லோட்ஸ், பிக்சர்ஸ் இது எல்லாமே சி டிரைவ்ல யூசர்ஸ்ங்கற ஃபோல்டருக்குள்ள தான் இருக்கு. டி டிரைவ் போட்டுட்டு, எல்லாத்தையும் டெஸ்க்டாப்ல சேவ் பண்ணிட்டே இருந்தா ஃபார்மேட் அன்னைக்கு போறது உங்க ஃபைல் தான். பிரிச்சீங்கன்னா அன்னைக்கே அந்தந்த ஃபோல்டர ரைட் கிளிக் பண்ணி பிராப்பர்ட்டீஸ்ல லொகேஷன் டேப்ல போய் டி டிரைவுக்கு மாத்திடுங்க, இல்லன்னா பிரிச்சதுக்கே அர்த்தம் இல்ல (ஒன்டிரைவ் பேக்கப் ஆன்ல இருந்தா லொகேஷன ஏற்கனவே அது மாத்தி வெச்சிருக்கும், அதையும் பாத்துக்கோங்க). அதே மாதிரி சாஃப்ட்வேர டி டிரைவ்ல இன்ஸ்டால் பண்ணி வெச்சா ஃபார்மேட்டுக்கு அப்புறம் அப்படியே ஓடும்னு நெனைக்கறாங்க, பெரும்பாலும் ஓடாது, ஏன்னா அதோட பதிவெல்லாம் சி டிரைவ்ல இருக்கற ரெஜிஸ்ட்ரில தான் இருந்தது, அது போயிடுச்சு. பெரிய கேம் லைப்ரரி மாதிரி சிலது மட்டும் ஃபோல்டர காட்டினா திரும்ப புடிச்சுக்கும்.

இன்னொரு விஷயம், விண்டோஸ் 10, 11லயே ரீசெட் பண்றப்ப "என் ஃபைல்கள வெச்சுக்கோ"ன்னு ஒரு ஆப்ஷன் இருக்கு, அது யூசர்ஸ் ஃபோல்டர்ல இருக்கறத வெச்சுட்டு விண்டோஸ மட்டும் புதுசாக்கும். அதனால டி டிரைவ் இல்லன்னா ஃபைல் போச்சுங்கற நெலம இப்ப இல்ல. இருந்தாலும் விண்டோஸ் பூட்டே ஆகாத அன்னைக்கு, இன்ஸ்டால் பண்ற பென்டிரைவோட உக்காந்திருக்கறப்ப, தனியா ஒரு பார்டிஷன்ல ஃபைல் இருக்குங்கறது பெரிய நிம்மதி, அந்த மதிப்ப நான் கொறச்சு சொல்ல மாட்டேன். சிஸ்டம் இமேஜ் (மொத்த டிரைவயும் அப்படியே காப்பி) எடுக்கறவங்களுக்கும் இது ரொம்ப வசதி, சி டிரைவ் மட்டும் 80 ஜிபின்னா அத அடிக்கடி இமேஜ் எடுக்கலாம், 400 ஜிபி வீடியோவயும் சேத்து தூக்க வேணாம். ரெண்டு ஓஎஸ் போடறவங்களுக்கு கேள்வியே இல்ல, பிரிச்சே ஆகணும்.

கெடைக்காதது என்னங்கறத இன்னும் அழுத்தி சொல்லணும், ஏன்னா இங்க தான் ஜனங்க டேட்டாவ தொலைக்கறாங்க. சி டிரைவ்ல இருக்கற போட்டோவ டி டிரைவ்ல ஒரு காப்பி போட்டு வெச்சுட்டு பேக்கப் எடுத்தாச்சுன்னு நெனைக்கறது பேக்கப்பே கெடையாது. ரெண்டும் ஒரே டிஸ்க். எஸ்எஸ்டியோட கன்ட்ரோலர் செத்தா, ஹார்ட் டிஸ்க்கோட மோட்டார் நின்னா, லேப்டாப் தண்ணில விழுந்தா, திருடு போனா, சி டிரைவ் டி டிரைவ் எல்லாம் ஒண்ணா தான் போகும். ரான்சம்வேர் (ஃபைல பூட்டி வெச்சுட்டு பணம் கேக்கற வைரஸ்) வந்தாலும் அது கண்ணுக்கு தெரியற எல்லா டிரைவ் லெட்டரையும் வரிசையா லாக் பண்ணும், டின்னு பேர் வெச்சதால விட்டுடாது. வெளில ஒரு டிஸ்க்லயோ கிளவுட்லயோ காப்பி இருந்தா மட்டும் தான் அது பேக்கப்.

இப்ப நஷ்டக் கணக்கு. பிரிச்சதும் காலி எடமும் பிரிஞ்சு போகுது. சி டிரைவ் நீங்க ஒண்ணுமே பண்ணலன்னாலும் வளரும். பெரிய அப்டேட் ஒவ்வொண்ணும் வந்தா பழைய விண்டோஸ் கொஞ்ச நாள் ஒரு ஃபோல்டர்ல அப்படியே உக்காந்திருக்கும், ஹைபர்னேஷன் ஃபைலும் பேஜ் ஃபைலும் (ரேம்ல இருக்கறத டிஸ்க்ல எழுதி வெக்கற ஃபைல்கள்) ரேம் அளவுக்கு தகுந்த மாதிரி பல ஜிபி எடுத்துக்கும், பிரவுசர் கேஷ், வாட்ஸ்அப் மாதிரி ஆப்ஸோட டேட்டா எல்லாம் கேக்காம சி டிரைவ்ல யூசர்ஸ் ஃபோல்டருக்குள்ள தான் போகும். விண்டோஸ் 11க்கு மைக்ரோசாஃப்ட் கேக்கற கொறஞ்சபட்ச ஸ்டோரேஜே 64 ஜிபி, அத வெச்சு 80, 100ன்னு சி டிரைவுக்கு அளந்து குடுத்தா கஷ்டம் தான். என் அபிப்ராயம், 256 ஜிபி எஸ்எஸ்டின்னா பிரிக்காதீங்க, ஃபோல்டர் போதும். 512ன்னா பிரிக்கலாம், ஆனா சி டிரைவுக்கு 200க்கு கொறையாம குடுங்க. 1 டிபின்னா சி டிரைவுக்கு ஒரு 300 குடுத்துட்டு மிச்சத்த நிம்மதியா டி டிரைவ்னு போடலாம். சந்தேகமா இருந்தா சி டிரைவ பெருசாவே விடுங்க, பெருச அப்புறம் சின்னதாக்கறது, சின்னத பெருசாக்கறத விட எவ்வளவோ சுலபம்.

அளவு தப்பா போட்டா என்ன ஆகும்ங்கறதுக்கு மைக்ரோசாஃப்ட்டே ஒரு உதாரணம் குடுத்துச்சு. 2024 ஜனவரில விண்டோஸ் 10க்கு கேபி5034441ன்னு ஒரு செக்யூரிட்டி அப்டேட் வந்தது, அது ரெக்கவரி பார்டிஷன்ல (விண்டோஸ் பூட் ஆகாதப்ப சரி பண்ற டூல் இருக்கற சின்ன பகுதி) போய் உக்காரணும், அதுக்கு அங்க 250 எம்பி காலியா இருக்கணும். விண்டோஸ் இன்ஸ்டால் ஆகறப்ப தானா போட்ட ரெக்கவரி பார்டிஷன் நெறைய கம்ப்யூட்டர்ல அதுக்கு பத்தல, எரர் காட்டி காட்டி நின்னுச்சு, சி டிரைவ்ல நூறு ஜிபி காலியா இருந்தாலும் ஒரு பிரயோஜனமும் இல்ல. கடைசில கமாண்ட் லைன்ல சி டிரைவ 250 எம்பி சுருக்கி, ரெக்கவரி பார்டிஷன அழிச்சு பெருசா திரும்ப போடுங்கன்னு வழிமுறை குடுத்தாங்க, சாதாரண ஆளு அத எப்படி செய்வாரு சொல்லுங்க. ஒரு சின்ன பகுதிக்கு அன்னைக்கு சரியா இருந்த அளவு சில வருஷம் கழிச்சு சரியா இல்லாம போச்சு, பார்டிஷனோட சுவர நகத்தறது அவ்ளோ பாடு.

எப்படி பிரிக்கறதுன்னு வருவோம். விண்டோஸ்ல ஸ்டார்ட் பட்டன ரைட் கிளிக் பண்ணா டிஸ்க் மேனேஜ்மெண்ட் இருக்கும், தொறந்தா கீழ் பாதில டிஸ்க் 0ன்னு ஒரு நீளமான வரிசை தெரியும். இடது ஓரத்துல 100 எம்பி மாதிரி ஒரு இஎஃப்ஐ பார்டிஷன் (பூட் ஃபைல் எல்லாம் அங்க தான்), நடுவுல பெருசா சி டிரைவ், வலது ஓரத்துல சில நூறு எம்பில ரெக்கவரி. இது தவிர 16 எம்பில ஒரு மைக்ரோசாஃப்ட் ரிசர்வ்ட் பார்டிஷனும் இருக்கும், அது இந்த படத்துல தெரியாது. "எடம் வேஸ்ட்டா இருக்கே"ன்னு அந்த சின்னதுகள அழிக்காதீங்க, இஎஃப்ஐய அழிச்சா அடுத்த தடவ மெஷின் பூட் ஆகாது. சி டிரைவ ரைட் கிளிக் பண்ணி ஷ்ரிங்க் வால்யூம் குடுத்தா ஒரு பெட்டி வரும், அதுல நாம டைப் பண்ண வேண்டியது எவ்ளோ கொறைக்கணும்ங்கறது, சி டிரைவ் எவ்ளோவா இருக்கணும்ங்கறது இல்ல. நெறைய பேர் இங்க மாத்தி போட்டுடறாங்க. எம்பி கணக்குல கேக்கும், 250 ஜிபி வெளிய எடுக்கணும்னா 250ஐ 1024ஆல பெருக்கி 256000ன்னு போடணும். முடிஞ்சதும் கறுப்பு பட்டையோட அன்அலொகேட்டட்னு ஒரு எடம் வரும், அத ரைட் கிளிக் பண்ணி நியூ சிம்பிள் வால்யூம் குடுத்து என்டிஎஃப்எஸ்ல ஃபார்மேட் பண்ணா டி டிரைவ் ரெடி. இடையில டைனமிக் டிஸ்க்கா மாத்தட்டுமான்னு எங்கயாவது கேட்டா வேணாம்னு சொல்லிட்டு வெளிய வந்துடுங்க, அது பழைய முறை, சாதாரண பேசிக் டிஸ்க்குக்கு திரும்பறது பெரிய தொல்லை.

சில சமயம் சி டிரைவ்ல 350 ஜிபி காலியா இருந்தும் ஷ்ரிங்க்ல 40 ஜிபி தான் குடுப்பேன்னு சொல்லும். காரணம் அசைக்க முடியாத ஃபைல்கள். விண்டோஸ் ஓடிட்டு இருக்கறப்ப பேஜ் ஃபைல், ஹைபர்னேஷன் ஃபைல், ரெஸ்டோர் பாயிண்ட், என்டிஎஃப்எஸ்ஸோட சொந்த அட்டவணை இதையெல்லாம் நகத்த முடியாது, அதுல ஒண்ணு டிஸ்க்கோட முக்கால்வாசி தூரத்துல உக்காந்திருந்தா அதுக்கு இந்த பக்கம் சுருக்கவே முடியாது. ஈவென்ட் வியூவர்ல அப்ளிகேஷன் லாக்ல 259ன்னு ஒரு பதிவு இருக்கும், எந்த ஃபைல் தடுக்குதுன்னு பேரோட அதுல சொல்லியிருக்கும். ஹைபர்னேஷன், பேஜ் ஃபைல், சிஸ்டம் புரொடக்ஷன் மூணையும் தற்காலிகமா ஆஃப் பண்ணி, ரீஸ்டார்ட் பண்ணி, சுருக்கிட்டு திரும்ப ஆன் பண்ணா பெரும்பாலும் வழி விட்டுடும்.

பெருசாக்கறது தான் தலவலி. சி டிரைவ் வளரணும்னா அதுக்கு வலது பக்கம் ஒட்டுனாப்ல காலி எடம் இருந்தா தான் விண்டோஸ் எக்ஸ்டெண்ட் பண்ணும். டி டிரைவ சுருக்கினா காலி எடம் டி டிரைவோட வால் பக்கத்துல தான் வரும், சி டிரைவ் பக்கத்துல வராது, சில மெஷின்ல நடுவுல ரெக்கவரி பார்டிஷன் வேற உக்காந்திருக்கும், எக்ஸ்டெண்ட் பட்டன் மங்கலாவே இருக்கும். அப்ப டி டிரைவோட ஆரம்பத்தயே நகத்தணும், ஜிபார்ட்டட் மாதிரி டூல் அத செய்யும், ஆனா ஆரம்பம் நகர்ந்தா உள்ள இருக்கற டேட்டா மொத்தமும் எடம் மாறணும், நூத்துக்கணக்கான ஜிபி காப்பி ஆகணும், மணிக்கணக்குல ஓடும், நடுவுல கரண்ட் போச்சுன்னா பாதி இங்க பாதி அங்கன்னு கெடக்கும். வெளில ஒரு முழு காப்பி இல்லாம இத தொடவே கூடாதுன்னு நான் உறுதியா சொல்லுவேன். காப்பி தான் இருக்கேன்னா டி டிரைவ அழிச்சுட்டு புதுசா போட்டு திரும்ப காப்பி பண்றது பல சமயம் வேகமும் கூட.

டிரைவ சாவி போட்டு பூட்டற (என்கிரிப்ஷன்) விண்டோஸோட பிட்லாக்கர் பத்தியும் சொல்லணும், இது இப்ப புதுசா சேந்த விஷயம். விண்டோஸ் 11 போட்டு மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்ல உள்ள போனா நெறைய மெஷின்ல என்கிரிப்ஷன் தானாவே ஆன் ஆயிடுது, ஆன் ஆனதே தெரியாம வருஷக்கணக்கா யூஸ் பண்றவங்க இருக்காங்க. டி டிரைவ் தானா தொறக்கறதுக்கான சாவி சி டிரைவ்ல இருக்கற விண்டோஸ் கிட்ட தான் இருக்கும், நீங்க "டி டிரைவ் பத்திரமா இருக்கு"ன்னு சி டிரைவ ஃபார்மேட் பண்ணிட்டு புதுசா விண்டோஸ் போட்டா, அது டி டிரைவுக்கு 48 இலக்க ரெக்கவரி கீ கேக்கும். கீ இல்லன்னா அந்த டேட்டா அவ்ளோ தான், யாராலயும் எடுக்க முடியாது. அதனால பார்டிஷன்ல கைய வெக்கறதுக்கு முன்னாடி கீ எங்க இருக்குன்னு பாத்து வேற எடத்துல எழுதி வெச்சுக்கோங்க. அதே மாதிரி புதுசா போட்ட டி டிரைவுக்கு என்கிரிப்ஷன் இருக்கான்னு தனியா பாக்கணும், சி டிரைவ் பூட்டி இருக்கு டி டிரைவ் தொறந்து கெடக்குன்னா லேப்டாப் திருடு போன அன்னைக்கு என்ன பிரயோஜனம்.

மத்த சிஸ்டங்கள் இந்த கறார் பிரச்சனைய எப்படி பாக்குதுங்கறது எனக்கு ரொம்ப புடிச்ச பகுதி. லினக்ஸ்ல ரொம்ப காலமா ரூட் (சிஸ்டம்) தனி, ஹோம் (நம்ம ஃபைல்) தனின்னு பிரிக்கறாங்க, சர்வர்ல லாக் எல்லாம் போற வார் (var) ஃபோல்டரயும் தனியா போடுவாங்க, ஏன்னா ஏதோ ஒரு புரோகிராம் பைத்தியம் புடிச்ச மாதிரி லாக் எழுத ஆரம்பிச்சா அந்த பார்டிஷன் மட்டும் நெறயும், மொத்த சிஸ்டமும் படுக்காது. இங்க சுவரோட கறார்தனமே லாபம். ஆனா அளவு மாத்தறதுக்கு எல்விஎம்னு ஒரு அடுக்கு கொண்டு வந்தாங்க, காலி எடத்த யாருக்கும் குடுக்காம பொதுவுல வெச்சுட்டு, எந்த பகுதிக்கு பத்தலயோ அதுக்கு மெஷின் ஓடிட்டு இருக்கறப்பவே கொஞ்சம் கொஞ்சமா குடுக்கலாம். 2020ல வந்த ஃபெடோரா 33ங்கற லினக்ஸ்ல இன்னும் ஒரு படி மேல போய் டெஸ்க்டாப்புக்கு பிடிஆர்எஃப்எஸ்ங்கற ஃபைல் சிஸ்டத்த டீஃபால்ட்டா போட்டாங்க, ரூட்டும் ஹோமும் தனித்தனி, ஆனா காலி எடம் ரெண்டுக்கும் பொது. ஆப்பிள் 2017லயே ஏபிஎஃப்எஸ்ங்கற அவங்க ஃபைல் சிஸ்டத்துல இதையே தான் செஞ்சாங்க, ஒரு கன்டெய்னருக்குள்ள பல வால்யூம், எடம் பொது. 2019ல மேக்ஓஎஸ் கேடலினால சிஸ்டத்த படிக்க மட்டும் முடியற தனி வால்யூமா ஆக்கி, நம்ம டேட்டாவ வேற வால்யூம்ல வெச்சாங்க, யூஸ் பண்றவங்களுக்கு ஒரே டிஸ்க் மாதிரி தான் தெரியும். ஆண்ட்ராய்டு போன்லயும் டஜன் கணக்குல பார்டிஷன் இருக்கு, ஆண்ட்ராய்டு 10ல இருந்து சிஸ்டம், வெண்டார் எல்லாத்தயும் சூப்பர்னு ஒரே பெரிய பார்டிஷனுக்குள்ள போட்டு அப்டேட் வர்றப்ப அளவ மாத்திக்கற மாதிரி பண்ணிட்டாங்க. எல்லாரும் பிரிக்கத்தான் செய்யறாங்க, நிலையான அளவ மட்டும் தான் கைவிட்டிருக்காங்க. விண்டோஸ்ல சாதாரண ஆளுக்கு அந்த வசதி சி டிரைவுக்கு இன்னும் வரல, அதனால தான் சி டிரைவ் அளவப் பத்தி இவ்ளோ யோசிக்க வேண்டியிருக்கு.

கடைசியா, தப்பா ஒரு பார்டிஷன டெலீட் பண்ணிட்டா என்ன செய்யறதுன்னு. டெலீட் வால்யூம் குடுத்தா முக்கியமா போறது அட்டவணைல இருந்த அந்த வரி தான், உள்ள இருக்கற ஃபைல் சிஸ்டம் பெரும்பாலும் அப்படியே இருக்கும். அதனால பதட்டத்துல அதே எடத்துல புது வால்யூம் போடாதீங்க, "ஃபார்மேட் பண்ணணும், பண்ணட்டுமா"ன்னு விண்டோஸ் கேட்டா கேன்சல் குடுங்க, குறிப்பா எஸ்எஸ்டில ஃபார்மேட் குடுத்தா விண்டோஸ் டிரிம் கமாண்ட அனுப்பிடும், டிரைவ் அந்த பிளாக் எல்லாத்தயும் காலின்னு எடுத்துக்கும், அதுக்கப்புறம் எந்த டூலாலயும் ஒண்ணும் கெடைக்காது. டெஸ்ட்டிஸ்க்னு இலவச டூல் இருக்கு, அது டிஸ்க் முழுக்க தேடி பழைய பார்டிஷன் எங்க ஆரம்பிச்சு எங்க முடிஞ்சதுன்னு கண்டுபிடிக்கும். கண்டுபிடிச்சதும் நேரா எழுதிடாதீங்க, லிஸ்ட்ல அந்த பார்டிஷன் மேல நின்னு பி அழுத்தினா உள்ள இருக்கற ஃபைல் பேரெல்லாம் காட்டும். உங்க ஃபோல்டர் பேர் சரியா தெரிஞ்சா முக்கியமானத மொதல்ல வேற டிஸ்க்குக்கு காப்பி பண்ணிடுங்க, அதுக்கும் அதுலயே வழி இருக்கு, அதுக்கு அப்புறம் ரைட் குடுத்து ரீஸ்டார்ட் பண்ணா அந்த வரி அட்டவணைல திரும்ப வந்துடும்.